திரும்பிப் போவதா, இருப்பதா? தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "ஊருக்குப் போறதெண்டால் எந்த வழியாப் போறது, போனால் பிழைக்கலாமா?" இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. முதல் கேள்விக்கு விடை சொல்லப் பலர் இருக்கிறார்கள். பயணச்சீட்டு, அனுமதி, உதவித்தொகை என்று அது எளிதில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் தகரப் பெட்டிக்குள் இருக்கும் காகிதங்களிலும், வன்னியிலோ மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் காணியின் இன்றைய நிலையிலுமே கிடக்கிறது. அவற்றைப் பார்க்காமல் வழியை மட்டும் ஒப்பிடுவது பயனற்றது என்பதால், இக்கட்டுரை அளவுகோல்களை முதலில் வைத்து, பிறகே வழிகளுக்கு வருகிறது.

1983 முதல் 2012 வரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது இந்திய அரசின் கணக்கு. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு அரசே பெரிய அளவில் திருப்பி அனுப்பத் தொடங்கியது. அது உண்மையில் தன்விருப்பமா என்ற கேள்வி எழுந்ததால்தான், 1992இல் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் அலுவலகம் சென்னைக்கு வந்தது. 1995 மார்ச் வரை 99,469 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். அதன் பிறகு அரசு ஏற்பாட்டில் கூட்டாகத் திரும்புதல் நடக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தானே தீர்மானித்து, தானே மனுக் கொடுத்துப் போகிறது. இன்னும் ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களிலும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் காவல் நிலையப் பதிவுடன் வெளியிலும் வாழ்கிறார்கள்.

## எதைக் கொண்டு அளப்பது

### ஆவணம்

முதலாவதும் பெரியதும் இதுவே. முகாமில் பிறந்த பிள்ளைக்கு உள்ளூராட்சி அல்லது மருத்துவமனை கொடுத்த தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் இருக்கலாம். ஆனால் அது பிள்ளையை இலங்கைக் குடிமகனாக்குவதில்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் (துணைத் தூதரகம்) பிறப்பைப் பதிந்து, வம்சாவளிக் குடியுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். ஓராண்டுக்குள் பதிவதே முறை. தவறியவர்கள் தாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம். இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தாய், தந்தை இருவரில் எவர் இலங்கைக் குடியுரிமை உடையவராக இருந்தாலும் பிள்ளைக்கு அது கிடைக்கும் என்பதால், தந்தை இந்தியராக இருக்கும் வீடுகளிலும் இவ்வழி திறந்தே இருக்கிறது.

இடர் வருவது பெயர்களில். எடுத்துக்காட்டாக, தாயின் இலங்கைப் பிறப்புப் பதிவில் "கந்தையா சிவமலர்" என்று இருக்கும். முகாம் குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயரான "மலர்" ஏறியிருக்கும். மகளின் தமிழ்நாட்டுச் சான்றிதழில் தாய் பெயர் "க. சிவமலர்" என்று முன்னெழுத்தோடு சுருங்கியிருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டு மூன்றிலும் மூன்று விதமாக இருக்கும். வீட்டாருக்கு இவர்கள் ஒருவரே. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூவர். இதனுடன், கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுபோய்ப் பதிவு செய்யப்படாத திருமணமும் சேர்ந்தால், ஒரு பிள்ளையின் குடியுரிமைக்கு ஆறேழு காகிதங்களைச் சரிசெய்ய வேண்டிவரும். இவற்றில் தமிழ்நாட்டு அலுவலகங்களில் திருத்த வேண்டியவற்றை இங்கே இருக்கும்போது திருத்துவது எளிது. ஊருக்குப் போய்விட்டு, கும்மிடிப்பூண்டியிலோ திருச்சியிலோ உள்ள பதிவாளரிடம் பிழை திருத்தம் கேட்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் (ஓஃபர்) பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணிகளில் இந்தப் பதிவு உதவி முக்கியமானது. திரும்பும் எண்ணம் இல்லாதவர்களும் பிள்ளைகளை நாடற்றவர்களாக விடாமலிருக்க அதைப் பயன்படுத்தலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இவ்விதியைக் காட்டி, 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கடவுச்சீட்டுக்கான உத்தரவு பெற்றார். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே இந்த வகையினர் இலங்கைக் குடியுரிமைப் பதிவில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது. பெட்டியில் கிடக்கும் ஒரு பழைய பிறப்புச் சான்றிதழின் மதிப்பை அறியாமல் அதை இழந்துவிடக் கூடாது.

### காணி

"காணி இருக்குது, அண்ணா பார்த்துக்கொள்கிறார்" என்பது விடையாகாது. அது உறுதிக் காணியா (உரிமைப் பத்திரம் உள்ள சொந்தக் காணி), அரசு அனுமதிப் பத்திரக் காணியா என்பதே முதலில் தெரிய வேண்டும். உறுதிக் காணியென்றால் உறுதியின் படி உங்களிடம் இல்லாவிட்டாலும், காணிப் பதிவகத்தில் உறவினர் ஒருவரைக் கொண்டு தேடி, பதிவேட்டுப் பிரதி எடுக்கலாம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் காணி பெரும்பாலும் சீதனமாகப் பெண்களுக்கு எழுதப்படுவதால், அப்பாவின் பெயரில் தேடிக் கிடைக்காதது அம்மம்மாவின் பெயரில் கிடைப்பதுண்டு. அனுமதிப் பத்திரக் காணி வேறு விதமானது. அதில் குடியிருப்பதும் பயிரிடுவதும் நிபந்தனை. நீண்ட காலம் ஆளில்லாத காணி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவும் கூடும். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேட்காமல் இது தெரியவராது.

உறுதிக் காணியிலும் ஓர் ஆபத்து உண்டு. இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் பத்தாண்டுகள் தடையின்றித் தன்னுடையதாகவே அனுபவித்த காணிக்கு உரிமை கோரலாம். போரினால் தம் காணிக்கு வழக்கிட முடியாமற்போனவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கில் சேர்க்காமல் விடுவதே அதன் நோக்கம். ஆனால் அதன்படி வழக்கிட இரண்டாண்டு அவகாசமே தரப்பட்டது. முகாம்களில் இருந்த பெரும்பாலோருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததே அவகாசம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. எனவே காணியில் இன்று யார் இருக்கிறார், எவ்வளவு காலமாக இருக்கிறார், எந்த ஏற்பாட்டில் இருக்கிறார் என்பதைப் பயணத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். உறவினரே இருந்தாலும், உங்கள் இசைவோடுதான் இருக்கிறார் என்று எழுதி வாங்குவதில் கூச்சம் வேண்டாம். இராணுவமோ வனத் திணைக்களமோ பிடித்திருக்கும் காணி என்றால், திரும்பும் திட்டத்தில் அதை உங்கள் சொத்தாகக் கணக்கிடாதீர்கள். கிடைத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

### மற்ற மூன்று

முதல் ஓராண்டுக்கான செலவும் தொழிலும் மூன்றாவது. பிள்ளைகளின் படிப்பு நான்காவது. எடுத்த முடிவிலிருந்து திரும்ப முடியுமா என்பது ஐந்தாவது. ஐந்தாவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. வெளியேறும் அனுமதி பெற்று நீங்கியவரின் பெயர் முகாம் பதிவிலிருந்து எடுக்கப்படும். அவர் மீண்டும் இந்தியா வர வேண்டுமானால், மற்ற எந்த இலங்கையரையும் போல விசா எடுத்தே வர வேண்டும். முகாம் வீடும் பணக்கொடையும் மீண்டும் கிடைக்காது.

## நான்கு வழிகள், ஒரு பார்வையில்

| | ஐ.நா. ஆணைய உதவி | சொந்த ஏற்பாடு | ஒருவர் முன்னே போதல் | இப்போதைக்கு இருத்தல் |
|---|---|---|---|---|
| பயணச் செலவு | இல்லை | முழுவதும் உங்களுடையது | ஒருவருக்கு மட்டும் | இல்லை |
| ஆரம்ப உதவி | சிறு தொகை உண்டு | இல்லை | போகும் வழியைப் பொறுத்தது | மாதப் பணக்கொடை தொடரும் |
| நாள் தேர்வு | உங்கள் கையில் இல்லை | உங்கள் கையில் | உங்கள் கையில் | பொருந்தாது |
| ஆவணச் சுமை | ஓரளவு வழிகாட்டல் உண்டு | முழுவதும் உங்கள் மேல் | இருபுறமும் | மெதுவாகச் செய்யலாம் |
| மறைவான செலவு | காத்திருப்பு | சாமான், அபராதச் சிக்கல் | குடும்பம் பிரிதல் | ஆண்டுகள் கழிதல் |
| மீள முடியுமா | இல்லை | இல்லை | மற்றவர்களுக்கு முடியும் | ஆம் |

## ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியுடன் திரும்புதல்

சென்னை அலுவலகத்தில் நேரடியாகவோ முகாம் அதிகாரிகள் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். அலுவலர்கள் குடும்பத்தோடு பேசுவார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஊர் நிலவரம் தெரிந்து முடிவெடுத்தீர்களா என்பதே அவர்கள் அறிய விரும்புவது. கணவர் முன்னால் மனைவி தலையாட்டுவதை அவர்கள் இசைவாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிறகு துணை உயர் ஸ்தானிகராலயத்தின் தற்காலிகப் பயண ஆவணம், இந்தியத் தரப்பில் வெளியேறும் அனுமதி, விமானச் சீட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஊர் போன பிறகு குடியமர்வதற்கான ஒரு சிறு தொகையும் போக்குவரத்துக்கான உதவியும் கிடைக்கும்.

இந்தத் தொகையை நம்பித் திட்டமிடக் கூடாது. முதல் சில வாரங்களின் சோற்றுக்கும், சட்டி பானைக்கும், பாய்க்கும் அது உதவும். வீடு கட்ட உதவாது. இவ்வழியின் உண்மையான பலன் பணத்தில் இல்லை. உங்கள் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது, இரு அரசுகளுக்கும் அந்தப் பட்டியல் தெரியும், வழியில் ஏதேனும் நடந்தால் கேட்க ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதே அதன் பலன்.

அந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டென்று 2025 மே மாத இறுதியில் தெரிந்தது. இதே ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய 75 வயது முதியவர் ஒருவர், முன்பு முறையான அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினார் என்று சொல்லி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். போரில் உயிர் தப்பப் படகேறியவரைக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி குற்றவாளியாக்குவது என்ன நியாயம் என்று தமிழ்த் தரப்பிலிருந்து கடும் கண்டனம் எழுந்தது. சட்டம் என்னவோ எல்லோருக்கும் ஒன்றுபோல எழுதப்பட்டதுதான்; ஆனால் 1990இல் தலைமன்னாரிலிருந்து வள்ளமேறியவர் எந்தக் குடியகல்வு அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருக்க முடியும்? ஆகவே இவ்வழியைத் தேர்வோர், ஆணையத்தின் திட்டம் அன்றைய நிலையில் இயங்குகிறதா, வந்திறங்குவோரிடம் அண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற இரண்டையும் நேரடியாகக் கேட்க வேண்டும். இறங்கும் நாளில் ஊரிலிருந்து ஓர் உறவினரும், தொலைபேசி எண் கையில் இருக்கும் ஒரு வழக்கறிஞரும் தயாராக இருப்பது நல்லது.

மறைவான செலவு காத்திருப்பு. ஒரு பிள்ளையின் ஆவணம் முடியாவிட்டால் முழுக் குடும்பமும் நிற்கும். பயண நாள் திடீரென்று வரலாம். அதற்குள் மகளிர் குழுக் கடனை அடைத்து, அடகு நகையை மீட்டு, பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். முதல்முறை விமானமேறும் முதியவர்கள் உள்ள குடும்பங்களுக்கும், கையில் சேமிப்பு இல்லாதவர்களுக்கும், தனித்து வாழும் பெண்களுக்கும் இவ்வழியே சிறந்தது.

## சொந்த ஏற்பாட்டில் திரும்புதல்

கனடாவிலோ ஐரோப்பாவிலோ உள்ள உறவினர் செலவை ஏற்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இவ்வழியில் போகின்றன. பலாலியில் 2019 அக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது நிறுத்தப்படும் என்பதால், மார்கழியில் கப்பலேறலாம் என்று திட்டமிட வேண்டாம். தற்காலிகப் பயண ஆவணம் வைத்திருப்பவரை ஏற்றுவார்களா, எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம் என்பவற்றைச் சீட்டு எடுப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாமான் சிறிய விஷயமல்ல. முப்பது ஆண்டு வாழ்க்கையில் சேர்ந்த தையல் இயந்திரம், கிரைண்டர், பெயின்டிங் வேலைக்கான கருவிகள் எல்லாம் விமானத்தில் ஏறாது. இங்கே கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு அங்கே புதிதாக வாங்கும்போது ஏற்படும் இழப்பு, சில வேளைகளில் விமானச் சீட்டின் விலையை மிஞ்சிவிடும். அரசு கட்டிக்கொடுத்த முகாம் வீட்டின் முன்னால் சொந்தக் காசில் போட்ட திண்ணைக்கும், பின்னால் இறக்கிய சமையலறைக்கும் ஒரு பைசாவும் திரும்பாது, வீடு அரசுடையது.

வெளியேறும் அனுமதிக்கான அலைச்சலும் முழுவதுமாக உங்களுடையதே. முகாம் வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கியூ பிரிவு (தமிழ்நாட்டுக் காவல்துறையின் உளவுப் பிரிவு), மறுவாழ்வுத் துறை, வெளிநாட்டினர் பதிவு அலுவலகம் என்று கோப்பு நகர வேண்டும். முகாம்களில் பதிவு பெற்று வாழ்ந்தவர்களின் நிலையும், பிற்காலத்தில் சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிட்டவர்களின் நிலையும் ஒன்றல்ல. விசா முடிந்தும் தங்கியதற்கான அபராதம் உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் விழுமா என்பதை எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகே சீட்டு எடுங்கள். விமான நிலையத்தில் வந்து கணக்குக் கேட்டால், சீட்டுக் காசும் போகும்.

மேலே சொன்ன கைது ஆபத்து இவ்வழியிலும் இருக்கிறது. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. காணி உறுதியாக இருக்கிறது, உறவினர் வீட்டில் தங்க இடம் இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, பள்ளித் தவணையை ஒட்டி நாளைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைக்க முடியும்.

## ஒருவர் முன்னே போய்ப் பார்த்தல்

முகாம்களில் மிகவும் பரவலாகப் பேசப்படுவது இதுவே. அப்பாவோ மூத்த மகனோ போய், காணியைத் துப்புரவு செய்து, ஒரு கொட்டிலாவது போட்டு, பிறகு மற்றவர்களைக் கூப்பிடுவது. அறிவுக்கு உகந்த வழிதான்; காணியையும் ஆவணத்தையும் நேரில் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. கிராம அலுவலரைப் பார்த்து வதிவிடத்தை உறுதிப்படுத்தலாம், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்கலாம், பிள்ளைகள் படிக்க வேண்டிய பள்ளி எவ்வளவு தூரம் என்று நடந்து பார்க்கலாம்.

ஆனால் முன்னே போகிறவர் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணக் கூடாது. அவருக்கு இது ஒருவழிப் பயணம். மற்றவர்களுக்குத்தான் இது ஒத்திகை. அவர் குடும்பத் தலைவரென்றால், பணக்கொடை குறைவதோடு, முகாம் அட்டையில் தலைவர் பெயரை மாற்றும் வேலையும் வரும். இரண்டு அடுப்பு எரியும். தமிழ்நாட்டில் பெயின்ட் அடித்து நாட்கூலியில் குடும்பம் நடத்தியவர், அங்கே வருமானம் தொடங்குவதற்கு முன் இங்கே அனுப்பும் வருமானத்தையும் நிறுத்துகிறார் என்பதே இதன் பெரிய மறைவான செலவு. ஆறு மாதம் என்று நினைத்துப் போனது இரண்டு ஆண்டாவதும், பிள்ளைகள் இங்கேயே கல்லூரிக்குப் போய்விட, குடும்பம் இரு கரையிலும் நிலைத்துவிடுவதும் நடக்கிறது.

யாரை அனுப்புவது என்பதிலும் யோசனை வேண்டும். உழைக்கும் மகனை அனுப்புவதே வழக்கம். காணி யார் பெயரில் இருக்கிறதோ அவர் போனால் வேலை விரைவில் முடியும். அது அம்மாவாக இருந்தால் அம்மா போவதே முறை. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பணயம் வைக்கத் தயங்குவோருக்கும், காணியின் நிலை தெளிவில்லாதவர்களுக்கும், பன்னிரண்டாம் வகுப்பிலோ கல்லூரி இறுதியாண்டிலோ பிள்ளை இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

## இப்போதைக்கு இருந்து, நிலையைச் சரிசெய்தல்

தங்குவதும் ஒரு தேர்வே. திரும்பாதவர்களைத் தயங்குகிறவர்கள் என்று பார்ப்பது தவறு. 2021இல் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, முகாம்களின் பெயரை மாற்றி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட ஏற்பாடு செய்தது. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று உயர்ந்தது. இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள நால்வர் குடும்பத்துக்கு அது 3,500 ரூபாய். இலவச அரிசியும் கல்வி உதவியும் இதற்கு மேல்.

சட்ட நிலை இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003இன் திருத்தத்தால் "சட்டவிரோதக் குடியேறி" என்ற வகை வந்து குடியுரிமைக் கதவை அடைத்தது. சில அண்டை நாட்டினருக்கு அக்கதவைத் திறந்த 2019இன் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழான ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நிம்மதியாக உறங்க அது உதவும்; வாக்குரிமையோ கடவுச்சீட்டோ அதில் வராது. இந்த வேறுபாட்டை மறைத்து, குடியுரிமையே கிடைத்துவிட்டதுபோலப் பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இதன் மறைவான செலவு காலம். பட்டம் பெற்ற பிள்ளை அரசு வேலைக்கு மனுச் செய்ய முடியாமல் தனியார் நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்குப் போகிறது. வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டு இல்லை. அதற்குள் ஊரில் காணியின் மேல் மற்றவர் உரிமை வலுக்கிறது. அப்படியிருந்தும், தொடர் மருத்துவம் தேவைப்படும் நோயாளி உள்ள வீட்டுக்கும், ஊரில் காணியோ உறவோ எதுவும் மிஞ்சாதவர்களுக்கும், இந்தியரை மணந்தவர்களுக்கும் இப்போது இருப்பதே சரி. இந்தியத் துணைவர் இலங்கையில் வதிவிட விசாவில்தான் வாழ வேண்டும், காலத்துக்குக் காலம் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் போன பிறகே அறிகிறார்கள்.

## மலையக வம்சாவளியினர் கணக்கு வேறு

முகாம்களில் உள்ளவர்களில் கணிசமானோர், முன்பு இந்தியாவிலிருந்து இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் இந்த மக்கள் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டனர். 1977 கலவரத்துக்குப் பிறகு பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கிருந்து போரால் இந்தியாவுக்கு வந்தனர். இவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கோரும் வழி உண்டு: 2003இல் வந்த இந்திய வம்சாவளியினருக்கான சட்டம், 2009இல் இந்தியாவில் இருக்கும் அகதிகளையும் உள்ளடக்கும்படி திருத்தப்பட்டது. இந்தியப் பக்கமும் ஒரு வழக்கு வழி உண்டு: 2019 ஜூனில் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களில் இருந்த 65 பேரின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்க உத்தரவிட்டது, இவர்கள் மூதாதையர் வழியில் இந்தியர் என்பதே வாதம்.

காணி என்ற அளவுகோலில் இவர்கள் நிலை மற்றவர்களை விட மோசம். உறுதிக் காணி பெரும்பாலும் இல்லை. காடு வெட்டிக் குடியேறிய நிலத்துக்குத் துண்டுக் காகிதம்கூட இல்லாதவர்கள் உண்டு. தோட்டத்து லயன் அறைக்கு (தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை) திரும்பிப் போகச் சொல்வதை மறுவாழ்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே இவர்களுக்கு, இந்தியக் குடியுரிமை மனுவை முதலில் போட்டு, அதன் போக்கைப் பார்த்த பிறகே திரும்புவதைப் பற்றி எண்ணுவது முறை.

## படகு ஒரு வழியல்ல

இராமேசுவரம் கரையிலிருந்து இரவில் வள்ளமேறி, அனுமதியின்றி ஊர் போய்விடலாம் என்று சொல்லும் தரகர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கேட்கும் பணத்துக்கு விமானத்திலேயே போகலாம். இந்தியக் கரையில் பிடிபட்டால் வழக்கு, இலங்கைக் கரையில் பிடிபட்டால் இன்னொரு வழக்கு. நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டால் கேட்கவும் ஆளில்லை. இவ்வழியில் போனவர் முறையாகத் திரும்பியவராகக் கணக்கில் வராததால், ஊரில் எந்த உதவிக்கும் பதிவு செய்வது கடினம்.

## போவதென்று முடிவானால், இங்கேயே முடிக்க வேண்டியவை

பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் முதலில். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அங்குள்ள சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் சமமாக்கவும், பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அங்கீகரிக்கச் செய்யவும் மூல மதிப்பெண் பட்டியல்கள் வேண்டும். செவிலியம், மருத்துவம் போன்ற துறைகளில் அந்நாட்டுப் பேரவையின் பதிவு இல்லாமல் பணி செய்ய முடியாது. அதற்கான தேர்வுக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து நாள் கணக்கிடுங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நடுவில் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும். பாடத்திட்டம் வேறு, தேர்வு முறை வேறு, அங்கே சிங்களமும் ஒரு பாடம்.

மருத்துவக் கோப்புகள், தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள் அடுத்தது. இங்கே இறந்த பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்களையும் மறக்கக் கூடாது. அவை இல்லாமல் காணியைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற முடியாது. அங்கே ஐந்து சகோதரர்களுக்குப் பொதுவான காணி என்றால், வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்து தத்துவப் பத்திரம் (அவர்கள் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வாங்கும் வேலையைப் பயணத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை. போன புதிதில் வீட்டு வாசலுக்கே வரும் நுண்கடன் நிறுவனங்களிடம் கையெழுத்திட்டுக் கொட்டில் போடவோ, மாடு வாங்கவோ வேண்டாம். வாராவாரம் தவணை கேட்டு வருவோரால் வடக்கில் எத்தனை பெண்கள் சிக்கினார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கம் என்ன கொடுக்கும் என்று முன்னே போனவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்; அது கிடைக்கும் வரை, முதல் போகம் விளையும் வரை, கையிருப்பில் ஓராண்டுச் சாப்பாட்டுக்கு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.